பாப்பாவின் தலையணையும் பச்சைப் புழுவும்

கண்ணு,

நீ முன்னறையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். டேப்பைக் கிழிக்கிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கிறது. சனிக்கிழமை விமானம். இரண்டு சுவர் தள்ளி உட்கார்ந்திருக்கிற மகனுக்குக் கடிதம் எழுதுகிற அம்மா திருப்பூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எழுந்து வந்து நேரில் சொல்லிவிடலாம். ஆனால் வாயைத் திறந்தால் எனக்குத் திட்டத்தான் வருகிறது. நீயும் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று தலையாட்டிவிட்டுப் பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாய். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சாப்பாடு, துணிமணி, பாஸ்போர்ட் தவிர வேறு எதையும் நாம் பேசிக்கொள்ளவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. நீ உன் பெண்டாட்டி ஸ்டெல்லாவையும் பத்து மாதக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு அமெரிக்கா போகிறாய் என்பதற்காக மட்டும் இல்லை. அந்தப் பெட்டிக்குள், பாப்பாவின் சட்டைகளுக்குப் பக்கத்தில், உன் தூண்டில் டப்பாவும் போகிறது. அதற்காகத்தான்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் என் பயம் அங்கிருந்துதான் வருகிறது. எங்கள் கம்பெனியில் குழந்தைத் துணி மட்டும்தான் ஓடுகிறது. தையல் வரிசையில் ஒரு ஊசி உடைந்தால் டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். நான் போய், உடைந்த துண்டுகளைப் பொறுக்கி ஒன்றோடொன்று சேர்த்து வைத்து, ஊசி முழுசாகிறதா என்று பார்க்க வேண்டும். முனை குறைந்தால் காந்தத்தை எடுத்துக்கொண்டு தரையில் மண்டி போடுவோம். அப்படியும் கிடைக்காவிட்டால் அந்தக் கட்டுத் துணி முழுவதும் தனியாகப் போய் ஊசி கண்டுபிடிக்கிற மிஷினில் ஏற வேண்டும். புதிதாக வந்த பிள்ளைகள் "இங்கதானுங்க விழுந்துச்சுன்னு நெனைக்கிறேன்" என்று சொல்லும். "நெனைக்காத சாமி, கண்ணுல காட்டு" என்பேன். நான் பார்க்கவே போகாத ஏதோ ஒரு தேசத்தில், யாரோ ஒருத்தி தன் குழந்தைக்கு அந்தச் சட்டையைத் தலைவழியாக மாட்டுவாள். அந்தக் குழந்தையின் கழுத்தை நினைத்துத்தான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். நீ என்னைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வாய். பயப்படுவதுதான் என் உத்தியோகம்.

உனக்கு இடது கை ஆள்காட்டி விரலில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறதே, அது எப்படி வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூட லீவில் என் மிஷினில் உட்கார்ந்து வித்தை காட்டினாய். ஊசி நகத்தின் வழியாக இறங்கி அடித்தட்டு வரைக்கும் போய் நின்றுவிட்டது. உன் அப்பா ஓடி வந்து, "கைய இழுடா, இழுத்துப் போடு!" என்று கத்தினார். இழுத்திருந்தால் ஊசி உள்ளே உடைந்திருக்கும். நான் உன் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தை மெதுவாக, மெதுவாகத் திருப்பினேன். ஊசி வந்த வழியே மேலே ஏறியது. நீ அழவில்லை. நான்தான் அதற்கப்புறம் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உள்ளே போன முனையை அவசரப்பட்டு வெளியே இழுக்கக் கூடாது என்பது அன்றைக்கே நம் வீட்டுக்குத் தெரிந்துபோன விஷயம்.

வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் உனக்கு இந்த மீன் பைத்தியம் பிடித்தது. ஆறு நாள், துணி வாங்குகிற வெளிநாட்டு பையர்களிடம் மெயிலில் திட்டு வாங்குவாய், ஏழாவது நாள் மங்கலத்துக்கு அந்தப் பக்கம் குளத்தங்கரையில் போய் நிற்பாய். ஊரெல்லாம் மண்புழுவைக் கோர்த்துப் போட, நீ மட்டும் கண்ணாடி டப்பாவில் கலர் கலராக ரப்பர் புழுவோடு போவாய். வெள்ளைக்காரர்கள் பேஸ் என்று ஒரு மீனைப் பிடிக்கிற வீடியோக்களை செல்போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தை. நம் குளத்து விராலும் அந்த பேஸ் மாதிரியே செடிக்கு அடியில் பதுங்குகிற திருட்டுப் பயல்தான் என்று சொல்வாய். முதல் தடவை அந்தப் புழுவை மோந்து பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெல்லி மிட்டாய் மாதிரி இனிப்பு வாசம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீ கொக்கி கோர்ப்பதைப் பார்க்க எனக்கும் பிடிக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். புழுவின் மூக்கில் முனையைக் குத்துவாய். கொஞ்சம் உள்ளே ஓட்டித் தாடைப் பக்கமாக வெளியே எடுப்பாய். கொக்கியைத் திருப்பி, அதன் மடிப்பு மூக்குக்குள் உட்கார்ந்ததும், மீதிப் புழுவை நீட்டி அளந்து, முனையை மறுபடியும் உடம்புக்குள் ஏற்றுவாய். புழு நேராகத் தொங்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் தண்ணீரில் பம்பரம் மாதிரி சுற்றித் தூண்டில் நரம்பை முறுக்கிவிடும் என்று உருவிவிட்டு முதலிலிருந்து கோர்ப்பாய். முதுகில் எட்டிப் பார்க்கிற முனையை அப்படியே விடமாட்டாய். ரப்பர் தோலை லேசாகக் கிள்ளி இழுத்து, முனையை அதற்குள் மறைத்துவிடுவாய். அப்புறம் குண்டு. மூக்குக் கூர்ந்த ஈயக் குண்டு, நடுவில் ஓட்டை. நரம்பில் கோர்த்துப் புழுவின் தலைக்கு முன்னால் நிறுத்தி, நகராமல் இருக்கத் தீக்குச்சி நுனியை ஓட்டையில் செருகி ஒடிப்பாய். பாசி கனமாக இருந்தால் பெரிய குண்டு, கிழித்துக்கொண்டு இறங்க வேண்டும். பாசி மேலேயே புழு மெதுவாக ஊர வேண்டுமென்றால் குண்டே வேண்டாம், வெறும் புழு. "தொட்டுப் பாருங்கம்மா, குத்தவே குத்தாது" என்று என் உள்ளங்கையில் வைத்தாய். நான் விரலால் உருட்டினேன். குத்தவில்லை. "அப்பறம் மீனுக்கு மட்டும் எப்படிக் குத்தும்?" என்று கேட்டேன். "அது கடிக்கோணும், நாம இழுக்கோணும். ரெண்டும் சேந்தாத்தான் முனை வெளிய வருமுங்க" என்றாய். இதைக் கேட்டுவிட்டு நான் தோசைக்கு மாவு கரைக்கப் போய்விட்டேன்.

பாப்பாவுக்குத் தலையணை தைக்கிற எண்ணம் எனக்கு வந்தது ஸ்டெல்லாவும் பாப்பாவும் திருநெல்வேலிக்குக் கிளம்புவதற்கு முன்னால். இந்த ஊரில் பனியன் வேஸ்ட், கம்பெனியில் வெட்டிக் கழித்த துணித் துண்டு, இல்லாத வீடு கிடையாது. வண்டி துடைப்பதும் அதில்தான், அடுப்பு மேடை துடைப்பதும் அதில்தான், மெத்தை தலையணைக்குத் திணிப்பதும் அதைத்தான். குழந்தைத் துணி வெட்டியதில் விழுந்த துண்டுகள், பால் வெள்ளை, வெண்ணெய் மாதிரி மெத்து. கம்பெனியில் கேட்டு ஒரு பை நிறைய வாங்கி வந்து வாஷிங் மிஷின் மேல் வைத்தேன். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நீ குளத்திலிருந்து வந்து, ஈரம் இருந்தால் கொக்கி துருப்பிடிக்கும் என்று, நரம்பை வெட்டிவிட்டுக் கோர்த்த புழுவைக் கோர்த்தபடியே ஒரு துண்டில் சுற்றி அந்தப் பைக்குள் வைத்தாய். அன்றைக்குக் குண்டு போடவில்லை. வேறு ஊர்க்காரனாக இருந்தால் செய்தித்தாளில் சுற்றியிருப்பான். திருப்பூர்ப் பிள்ளைக்குக் கை பனியன் வேஸ்ட்டுக்குத்தான் போகும். மறுநாள் நான் பாப்பாவை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு, மிஷினை ஓட்டி உறை தைத்து, பைக்குள் கையை விட்டுப் பிடி பிடியாக அள்ளித் திணித்தேன். மிஷின் நின்றபோதெல்லாம் நான் வாயாலேயே "டர்ர்ர்ர்" என்று சத்தம் கொடுத்தேன். அவள் பொக்கை வாயைத் திறந்து, கீழே முளைத்த இரண்டு பல்லும் தெரிய, விழுந்து விழுந்து சிரித்தாள். அவளைப் பார்த்தேனே தவிர என் கையைப் பார்க்கவில்லை. திணித்து முடித்து எல்லா இடத்திலும் அமுக்கிக்கூடப் பார்த்தேன். ஈயக் குண்டு ஒன்று இருந்திருந்தால் என் விரல் பிடித்திருக்கும். மெத்துக்குள் மெத்தாக ஒரு ரப்பர் புழு கிடந்தது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு காலை நீ வாஷிங் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டாய். ஸ்டெல்லாவும் பாப்பாவும் திருநெல்வேலிக்கு, அவளுடைய அப்பா வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போயிருந்தார்கள்.

"அம்மா, இங்கிருந்த பச்சப் புழுவப் பாத்தீங்களா?"

"எந்தப் புழு?"

"கொக்கி போட்ட மேனிக்கு வெச்சிருந்தனுங்க. பனியன் வேஸ்ட்டுல சுத்தி, இந்தப் பைக்குள்ள."

பை காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். "தலகாணி" என்றேன், நீ புரிந்துகொண்டாய். உன் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆனதை நான் பார்த்தேன். அவளுக்குப் பல் முளைக்கிற நேரம். நாற்காலிக் கால், சீப்பு, என் தாலிக்கொடி என்று எது அகப்பட்டாலும் வாயில் வைத்துக் கடிப்பாள். அந்தத் தலையணையின் மூலைகளைக் கடித்துக்கொண்டேதான் தூங்குவாள். நீ ஸ்டெல்லாவைக் கூப்பிட்டாய். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அப்பாவைக் கூப்பிட்டாய், அண்ணனைக் கூப்பிட்டாய். யாரும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் சர்ச்சில் இருப்பார்கள் என்பது அப்புறம்தான் நமக்கு உறைத்தது. உன் அப்பா கம்பெனி வேன் சாவியை எடுத்துக்கொண்டு, சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு, "ஏறுங்க, போலாம்" என்று வாசலில் நின்றார். திருநெல்வேலி என்ன பக்கத்துத் தெருவா? ஆனாலும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. என்னால் உட்கார முடியவில்லை. முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். என் கண்ணுக்கு முன்னால் அந்தச் சின்ன நாக்குத்தான் நின்றது.

கடைசியில் அவளே கூப்பிட்டாள். நீ ஸ்பீக்கரில் போட்டாய்.

"கோயில்ல இருந்தோம், சத்தத்த அமத்தி வச்சிருந்தேன். எத்தன தடவ கூப்பிட்டிருக்கீய! அத்தைக்கு எதும் முடியலியா?"

"பாப்பா எங்க?" என்றாய்.

"மடியிலதான் கெடக்கா. தலவாணிய வாயில வச்சிக்கிட்டு ஒரே கடி. இருங்க, வாங்கி வச்சிட்டுப் பேசுதேன்."

"இழுக்காத!" என்று நீ போட்ட சத்தத்தில் வாசலிலிருந்த உன் அப்பா உள்ளே ஓடி வந்தார். "ஸ்டெல்லா, கைய எடு. தலகாணியத் தொடாத. அவ வாயிலிருந்து இழுத்துப் போடாத. அப்படியே உடு."

"ஏன்? அதுக்குள்ள என்ன இருக்கு?"

"கொக்கி" என்றாய்.

கடித்தாகிவிட்டது, இழுப்பது மட்டும்தான் பாக்கி. நீ சொன்ன இரண்டில் ஒன்று முடிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது, உனக்கும் தெரிந்தது. குழந்தை தானாக வாயைத் திறக்க வேண்டும். பாட்டிலைக் காட்டச் சொல்லலாமா, அவள் எட்டிப் பிடிக்கத் துள்ளினால் என்ன ஆகும் என்று நீ விரலைக் கடித்துக்கொண்டு நின்றாய். நான் போனை உன் கையிலிருந்து பிடுங்கினேன். "அவ காதுகிட்ட வையி கண்ணு" என்றேன். முதல் தடவை காற்றுத்தான் வந்தது. இரண்டாவது தடவை, "டர்ர்ர்ர்" என்றேன். "டர்ர்ர்ர்ர்" என்று வாயாலேயே மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன், மூச்சு முட்டுகிற வரைக்கும். என் கன்னத்தில் கண்ணீர் வழிந்து வாய்க்குள் போனது. அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது. கெக்கெக்கே என்று அவளுடைய முழுச் சிரிப்பு.

"விட்டுட்டா அத்தே," என்றாள் ஸ்டெல்லா. "விட்டுட்டா. வாயில ரத்தம் இல்ல. ஒண்ணும் இல்ல. ஏசுவே, ஒண்ணும் இல்ல." அப்புறம் அவள் அழுத அழுகையை நீயும் கேட்டாய்.

அவள் அண்ணன் தலையணையைப் பிரித்து போட்டோ அனுப்பினார். அவள் கடித்துக்கொண்டிருந்த அதே மூலையில்தான் இருந்தது. சுற்றியிருந்த துண்டு ஈரமாகியிருந்தது. பச்சை ரப்பரில், பக்கத்தில் பக்கத்தில், அரிசி அளவுக்கு இரண்டு பள்ளம். நீ அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "முனை வெளிய வரலீங்கம்மா. நல்லா மறைச்சுக் கோத்திருக்கறேன்" என்றாய். அப்போதுதான் நான் உன் முதுகில் அடித்தேன். கல்யாணமாகி ஒரு குழந்தைக்குத் தகப்பனான பிள்ளையை அடித்தேன். அடித்த கையாலேயே உன்னைப் பிடித்துக்கொண்டேன். நீ அதற்கும் "சரிங்கம்மா" என்றாய்.

நீ சொன்னது நிஜம்தான், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீ ஒழுங்காக முனையை மறைத்ததால்தான் அவள் நாக்கு தப்பியது. நீ ஒழுங்காக மறைத்ததால்தான் என் விரலுக்கும் அது தெரியாமல் போனது. உனக்கு நன்றி சொல்வதா, உன்னைத் திட்டுவதா என்று இந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. நான் மட்டும் என்ன ஒழுங்கு? கம்பெனியில் ஒரு நூல் பிசிறைக்கூடப் பிரித்துப் பார்க்கிற நான், வீட்டில் குழந்தையின் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே அள்ளித் திணித்தவள்தானே. பாசமாக இருக்கும்போதுதான் கை கவனமில்லாமல் போகிறது.

அன்றைக்கு மத்தியானம் நான் கேட்டேன்: "பைக்குள்ள எத்தன புழு வெச்ச?" நீ தலையைச் சொறிந்துகொண்டு, "ஒண்ணுன்னுதான் நெனைக்கிறனுங்க" என்றாய். நெனைக்கிறனுங்க! திருநெல்வேலியில் தலையணைத் துண்டுகள் அத்தனையையும் உதறிப் பார்க்கச் சொன்னேன், வேறு எதுவும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு வார்த்தை எனக்குள்ளேயே தங்கிவிட்டது. இன்றைக்கும் நான் பழைய காந்தத்தைக் கயிற்றில் கட்டி, வீடு பெருக்குவதற்கு முன்னால் தரை முழுக்க இழுத்துக்கொண்டு போகிறேன். உன் அப்பா, "ஏம்புள்ள, நாய்க்குட்டி வாக்கிங் போகுதா?" என்கிறார். சிரிக்கிறாரே தவிர, சோபாவைத் தூக்கிப் பிடிக்கிறதும் அவர்தான்.

மீன் பிடிக்கப் போகாதே என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கமாட்டாய். நிஜமான பேஸ் இருக்கிற ஊருக்கே போகிறாய், ஏரிக்கரையில் நிற்காமல் உன்னால் இருக்க முடியாது. கரையிலிருந்து கிளம்பும்போதே கொக்கியை உருவிவிடு, அவ்வளவுதான் கேட்கிறேன். கோர்த்த புழு வீட்டு வாசல்படி ஏறக் கூடாது. ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் அவளைத் தூக்காதே. அந்தத் தீக்குச்சியையும் குண்டையும் பல்லிடுக்கில் பிடித்துக்கொள்கிற பழக்கத்தை விட்டுவிடு, அவள் பார்த்துக்கொண்டிருப்பாள், செய்வாள். அங்கே வீடெல்லாம் தரைவிரிப்பு போட்டிருப்பார்களாம். ஒரு பச்சைப் புழு அதில் விழுந்தால் யாருக்குத் தெரியும்? அவள் நடக்க ஆரம்பிப்பாள். ஜெல்லி வாசம் அடிக்கும். நான் இங்கே காந்தத்தை இழுத்துக்கொண்டு நின்று என்ன பிரயோஜனம்? அவள் வளர்ந்து, நானும் வருகிறேன் என்று கேட்டால், கூட்டிக்கொண்டு போ. முனை எங்கே இருக்கிறது என்பதை அவளுக்கு முதலில் காட்டு, மறைப்பதை அப்புறம் சொல்லிக்கொடு. பயந்துகொண்டே வளர்த்தால் பிள்ளை கோழையாகிவிடும் என்பாய். நீ கோழையாகவா இருக்கிறாய்? பயப்படாமல் ஒரு பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று எனக்குத் தெரியாது கண்ணு. தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் கேட்டுக்கொள்.

திருநெல்வேலியிலிருந்து வந்ததிலிருந்து பாப்பா பழைய தலையணையைக் கேட்டு அழுகிறாள். அதனால் புதிதாக ஒன்று தைத்திருக்கிறேன். இந்தத் தடவை ஒவ்வொரு துண்டையும் மடியில் விரித்து, இரண்டு பக்கமும் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அப்புறம்தான் உள்ளே வைத்தேன். மேனேஜரிடம் கேட்டுக் கம்பெனிக்கு எடுத்துப் போய் ஊசி பார்க்கிற மிஷினில் ஏற்றினேன். மிஷினை ஓட்டுகிற ஒடிசாப் பெண், நான் திரும்பத் திரும்ப எடுத்து வைப்பதைப் பார்த்துவிட்டு, "அம்மா, சுத்தம், சுத்தம். மெஷின் தப்பு சொல்லாது. ஏன் பயம்?" என்று கேட்டாள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

தலையணை உன் பெட்டியில் இல்லை, தேடாதே. தூண்டில் டப்பா இருக்கிற பெட்டியில் அதை வைக்க எனக்கு மனசு வரவில்லை. விமான நிலையத்தில் உன் கையில் தருகிறேன். நேற்றுச் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு அதன் நான்கு மூலையையும் கடித்துப் பார்த்துவிட்டேன், பல்லால் பிடித்து இழுத்தும் பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை. இருந்தாலும், அவளிடம் கொடுப்பதற்கு முன்னால் நீயும் ஒரு தடவை கடித்துப் பார்.